கைக்குள் பிறக்கும் எழுத்து

பார்வையற்ற குழந்தை காதால் கேட்டு மொழியைக் கற்கும். காது கேளாத குழந்தை கண்ணால் பார்த்துக் கற்கும். இரண்டு புலனும் இல்லாத குழந்தை எப்படி எழுதப் படிக்கக் கற்கிறது?

'அ - அம்மா' என்று தொடங்க முடியுமா? நீங்கள் அதைப் படித்தபோது 'அம்மா' என்ற சொல் உங்களுக்கு முன்பே தெரியும் அல்லவா? இக்குழந்தைக்கோ பொருள்களுக்குப் பெயர் உண்டு என்பதே தெரியாது. முதல் பாடம் அதுதான்.

வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்வோம். குளிப்பாட்டும் முன் தினமும் துண்டை அதன் கையில் கொடுக்க வேண்டும். பால் தரும் முன் டம்ளரைக் கொடுக்க வேண்டும். நாளடைவில், துண்டு வந்தால் குளியல் என்று குழந்தை அறிந்துகொள்ளும். பிறகு ஒருநாள் அதுவே டம்ளரை எடுத்து நீட்டினால், அதுதான் அதன் முதல் பேச்சு!

அடுத்த படி, சொல். அமெரிக்காவில் டஸ்கம்பியா என்ற ஊரில், 19 மாதத்தில் நோயால் பார்வையையும் கேள்வியையும் இழந்தவள் ஹெலன் கெல்லர். அவளுக்கு ஆறு வயதானபோது, 1887 மார்ச்சில், ஆன் சல்லிவன் ஆசிரியையாக வந்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விரல் வடிவம் உண்டு. அதை ஹெலனின் கைக்குள் செய்து காட்டினார். ஹெலன் திருப்பிச் செய்தாள், பொருள் விளங்கவில்லை. ஏப்ரல் 5ஆம் நாள், பம்பிலிருந்து ஒரு கையில் தண்ணீர் கொட்டியது. மறு கையில் ஆசிரியை 'வாட்டர்' என்று எழுத்துக்கூட்டினார். இந்தக் குளிர்ச்சிக்கு இதுதான் பெயர்! ஹெலனுக்குப் புரிந்துவிட்டது.

அதன்பின் மேடெழுத்து அட்டைகள் வந்தன. ஒருநாள் 'சிறுமி' என்ற அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு அலமாரிக்குள் போய் நின்றாள் ஹெலன். மற்ற சொற்களை அலமாரித் தட்டில் அடுக்கினாள். 'சிறுமி அலமாரியில் இருக்கிறாள்' என்ற வாக்கியம் உருவாயிற்று! வரிப்பள்ளம் வெட்டிய பலகைமேல் தாளை வைத்துப் பென்சிலால் எழுதப் பழகினாள். ஜூன் மாதமே கடிதம் எழுதினாள். பிரெயில் பிறகு வந்தது.

தமிழிலும் பிரெயில் உண்டு. ஒரு கட்டத்தில் இடப்பக்கம் 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6 என ஆறு புள்ளி இடங்கள். 1, 3 மேடானால் 'க'. 3, 4 மேடானால் 'ஐ'. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 'கை'.

இந்தியாவில் இத்தகைய குழந்தைகளுக்கான ஹெலன் கெல்லர் நிறுவனம் 1977இல் மும்பையில் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இக்குறையைத் தனியே குறிப்பிடுகிறது. பல குழந்தைகளுக்குச் சிறிதளவு பார்வையோ கேள்வியோ மிஞ்சியிருக்கும். ஆசிரியர் அதையும் பயன்படுத்துவார். யாரும் கற்பிக்காவிட்டால், அறிவுள்ள குழந்தையும் 'மந்தம்' என்று பெயர் வாங்கி மூலையில் உட்கார்ந்துவிடும்.

செய்து பாருங்கள்: கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையில் நண்பரை ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள். தெரிந்த சொல் என்றால் இரண்டாம் எழுத்திலேயே ஊகித்துவிடுவீர்கள். அறியாத மொழியின் சொல் என்றால்? எழுத்து கைக்கு வரும்; பொருள் வராது. ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.