தூங்கும் கம்ப்யூட்டரை மாடியிலிருந்தே எழுப்பலாம்

உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கூடத்தில் இருக்கிறது. பட்டா, சிட்டா நகல், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் அதில்தான். மாடியிலோ மாட்டுக்கொட்டகையிலோ இருக்கும்போது போனில் ஏதாவது பார்க்க வேண்டிவரும் என்று பகல் முழுக்க ஓடவிட்டிருந்தோம். 60 வாட் என்று வைத்தாலும், தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத மின் கணக்கில் 36 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போய்விடும். இப்போது அதைத் தூங்கவிடுகிறோம், தேவைப்பட்டால் போனிலிருந்து எழுப்புகிறோம்.

1. கம்ப்யூட்டரிலிருந்து ரூட்டருக்கு லேன் கேபிள் போடுங்கள். போன் வைஃபையில் இருந்தால் போதும். கம்ப்யூட்டரும் வைஃபையில் இருந்தால் பல நேரம் எழாது. தூங்கும்போது அதன் வைஃபை கார்டும் சேர்ந்து அணைந்துவிடும். கேபிள் செருகும் இடத்தில் சின்ன விளக்கு தூக்கத்திலும் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அதற்குக் காது கேட்கிறது.

2. ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய், 'வேக் ஆன் லேன்' என்பதை எனேபிள் செய்யுங்கள். சில போர்டுகளில் அது 'பவர் ஆன் பை பிசிஐ-இ' என்று இருக்கும். 'இஆர்பி' என்று இருந்தால் டிசேபிள் செய்துவிடுங்கள்.

3. விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர், பவர் மேனேஜ்மென்ட். அங்கே கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதிக்கும் கட்டத்தையும், மேஜிக் பாக்கெட்டுக்கு (போனிலிருந்து போகும் எழுப்பும் செய்திக்கு) மட்டும் எழலாம் என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் வேறு கருவிகளின் சலசலப்புக்கெல்லாம் நடுராத்திரியில் எழுந்துவிடும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை எடுத்துவிடுவதும் நல்லது.

4. நெட்வொர்க் செட்டிங்ஸில் 'ஃபிசிக்கல் அட்ரஸ்' என்று 12 இலக்கத்தில் இருப்பதுதான் மேக் முகவரி. கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று இருக்கும். நமக்கு வேண்டியது கேபிளுடையது. நாங்கள் மாற்றிப் போட்டு இரண்டு நாள் அலைந்தோம்.

5. போனில் 'வேக் ஆன் லேன்' செயலி ஒன்றை இறக்கி அந்த முகவரியைப் பதியுங்கள். போகும் செய்தி 102 பைட்தான். முதல் 6 பைட் கூப்பிடும் குரல், பிறகு அதே முகவரி 16 முறை. வீட்டிலுள்ள கருவி எல்லாவற்றுக்கும் போய்ச்சேரும், தன் பெயரைக் கண்டது மட்டும் எழும். குடவோலைக் கல்வெட்டு இருக்கும் ஊரில் இதை விளக்கவே வேண்டாம்: ஓலையில் யார் பெயரோ அவர்தான் வர வேண்டும்.

6. கெஸ்ட் வைஃபையிலிருந்தும் மொபைல் டேட்டாவிலிருந்தும் இப்படி எழுப்ப முடியாது.

7. கரண்ட் போய் வந்தால் பல கம்ப்யூட்டர்கள் கையால் ஒருமுறை ஆன் செய்யும்வரை கூப்பிட்டால் கேட்காது. பயாஸில் 'ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' ஆக்கிவிடுங்கள். கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்; 15 நிமிடத்தில் தூங்கும்படி விண்டோஸில் வைத்தால் மறுபடி படுத்துவிடும்.

8. ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். அன்றைக்கு அது தூங்கட்டும்.