வெயிலை வெந்நீராகத் தேக்குவது எப்படி?

மொட்டைமாடியில் சோலார் தகடு வைத்ததும் அடுத்து வரும் கேள்வி, "பேட்டரி எத்தனை வாங்கலாம்?" என்பதுதான். பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டிய திருப்புட்குழியிலும் அதே கேள்விதான். அதற்கு முன், தேக்கும் மின்சாரம் எதற்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்றால் பேட்டரி இல்லாமல் முடியாது. மார்கழிக் காலையில் குளிக்க வெந்நீருக்கு என்றால், குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரே பேட்டரி வேலையைச் செய்துவிடும்.

முதல் படி, கணக்குப் பார்ப்பது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி கொடுக்கும். 25 லிட்டர் கீசரின் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 825 கிலோ கலோரி, அதாவது ஏறக்குறைய ஒரு யூனிட். இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட். ஆயுள் குறையாமல் இருக்கப் பாதிதான் இறக்கலாம் என்பதால் கைக்கு வருவது 0.9. ஆக இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் பேட்டரி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் தேய்கிறது. வெந்நீர்த் தொட்டிக்கு அந்தத் தேய்மானம் இல்லை.

"விடிவதற்குள் ஆறிவிடாதா?" என்பது நியாயமான சந்தேகம். இரண்டாவது படி அதற்குத்தான்: கீசரின் நட்சத்திர லேபிளில், சும்மா இருக்கும்போது 24 மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் கசியும் என்ற எண்ணைப் பாருங்கள். அது 45 டிகிரி வித்தியாசத்துக்குச் சொன்ன எண். 0.6 யூனிட் என்று போட்டிருந்தால், நம் ஊர்ச் சூட்டில் நண்பகல் முதல் மறுநாள் காலை 6 வரை கசிவது கால் யூனிட்டுக்குச் சற்று மேல். தண்ணீர் 60-லிருந்து சுமார் 50 டிகிரிக்கு இறங்கியிருக்கும். பச்சைத்தண்ணீர் கலந்தால் இரண்டு வாளி குளியல் வெந்நீர் தேறும். நட்சத்திரம் கூடக் கூடக் கசிவு குறையும்.

மூன்றாவது படி, பொருத்துவது. 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கும், அதைத் தாங்கும் டைமரும், நல்ல எர்த்தும் கட்டாயம். டைமரை நண்பகலை ஒட்டி வையுங்கள். அரை மணி நேரத்தில் வேலை முடியும். தகடு 1 கிலோவாட்தான் என்றால் மீதி மின்சாரத்தைக் கீசர் பேட்டரியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ உறிஞ்சும். எலக்ட்ரீஷியனைக் கேட்டுச் சிறிய எலிமெண்ட் போடுவது நல்லது. சின்ன இன்வெர்ட்டரில் கீசரைச் சேர்க்கவே கூடாது. போர்வெல் தண்ணீரானால் எலிமெண்டில் உப்புப் படியும். ஆண்டுக்கொரு முறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். 60 டிகிரி தண்ணீர் தோலைச் சுடும்; குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாளியில் முதலில் பச்சைத்தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்குப் பகல் விலை, இரவு விலை என்று இல்லை. நெட் மீட்டர் உள்ள வீட்டில் பகலில் வெளியே போன யூனிட் கணக்கில் கழிந்துவிடும். அவர்களுக்கு இதனால் பில் குறையாது என்பது உண்மைதான். கசியும் கால் யூனிட் நஷ்டமும்கூட. லாபம், பேட்டரியை நம்பி வாழும் வீட்டுக்குத்தான்: வெந்நீரைத் தொட்டியிடம் விட்டால் பேட்டரியைச் சிறிதாக வாங்கலாம். விடியலில் கரண்ட் போனாலும் வெந்நீர் இருக்கும். நாளை நிலைமை மாறலாம். ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கு வெயில் நேர மின்சாரத்தை மலிவாக்கச் சொல்லி மத்திய அரசு 2023-ல் விதியைத் திருத்தியது. ஆஸ்திரேலியாவில் பல பத்தாண்டுகளாக இரவில் ஓடிய கீசர்களை இப்போது நண்பகலுக்கு மாற்றிவருகிறார்கள்.

கோடையில் வெந்நீர் தேவைப்படாது. அப்போது இந்தத் தொட்டி சும்மா தொங்கும். அதனால் இதற்கென்றே புதிய கீசர் வாங்க வேண்டாம். இருக்கும் கீசருக்கு ஒரு டைமர் போடுங்கள். பேட்டரியை விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் கணக்குப் போட்டு வாங்குங்கள்.