கருவிழியைக் கெடுக்கும் வைரஸ் நோய்கள்

கண்ணின் முன்புறத்தே கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்துள்ள கருவிழிப்படலம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உடையது. இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலின் ஒளி தடையின்றி உட்புகுகின்றது. இதன் நடுவே விழும் தழும்பு, சிறிதாயினும், பார்வையை மங்கச் செய்யும்.

இப்படலத்தைத் தாக்கும் வைரஸ்களுள் இரண்டு முக்கியமானவை. முதலாவது அடினோ வைரஸ். இதனால் பரவும் கண்ணோயைத் தமிழ்நாட்டார் 'மெட்ராஸ் ஐ' என்பர். திருவனந்தபுரத்தார் 'செங்கண்ணு' என்பர். சென்னையில் பரவிய இத்தகைய நோயில் கருவிழியில் புள்ளிகள் தோன்றுவதை டாக்டர் கர்க்பாட்ரிக் 1920-ல் விவரித்தார். 1955-ல் எர்னஸ்ட் ஜாவெட்ஸ் குழுவினர் இவ்வகை நோய்க்குக் காரணமான வைரஸைப் பிரித்தறிந்தனர். வைரஸை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மேற்றோலின் கீழ்த் திரள்வதே அப்புள்ளிகள். சிலருக்கு அவை பல மாதங்கள் நீடித்துப் பார்வையைக் குறைக்கும். எனினும் நோய் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானே தணியும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் வைரஸைக் கொல்லா; குளிர்ந்த ஒத்தடமும் தூய்மையுமே தேவை.

இரண்டாவதாகிய ஹெர்ப்பிஸ் வைரஸ் கொடியது. இது பெரும்பாலும் இளமையிலேயே உடலிற் புகுந்து, முகத்தின் உணர்ச்சி நரம்பு முடிச்சில் ஒடுங்கிக் கிடக்கும். பின்னர் விழித்தெழுந்து நரம்பின் வழியே கருவிழியை அடைந்து, மரக்கிளை போன்ற புண்ணை உண்டாக்கும். கருவிழி உணர்ச்சி குன்றுவதால் வலி குறைவாயிருக்கும்; நோயாளியும் அசட்டையாயிருந்துவிடுவார். நோய் திரும்பத் திரும்ப வந்து ஆழத்திற் பரவினால் தழும்பு நிலைத்துவிடும்.

1962-ல் கௌஃப்மன் ஐடாக்ஸியூரிடின் மருந்தால் இந்நோயைக் குணப்படுத்திக் காட்டினார். இன்று ஏசைக்ளோவிர், கான்சைக்ளோவிர் மருந்துகள் பயன்படுகின்றன. மருத்துவரைக் கேளாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இடுவது பெருந்தீங்கு. சிவப்பு மறையும், புண்ணோ பரவும். தழும்பேறிய கண்ணுக்குக் கருவிழி மாற்றுச் சிகிச்சை உண்டு. ஆயினும் வைரஸ் நரம்பில் எஞ்சியிருப்பதால், புதிய கருவிழியிலும் நோய் மீளக்கூடும்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிய வேண்டியவை: நோய் பார்வையால் பரவுவதில்லை, கையாலும் துண்டாலும் பரவுகின்றது. கண் சிவந்த மாணவரை வீட்டுக்கு அனுப்புக. தாய்ப்பாலோ இலைச்சாறோ கண்ணிலிடாமல் தடுக்க. ஒரு கண் மட்டும் சிவந்திருத்தல், வெளிச்சத்திற் கண் கூசுதல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று காணினும், அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புக. திருவனந்தபுரத்தில் அரசு வட்டாரக் கண் மருத்துவ நிலையம் இதற்கென உள்ளது.