பெரிய மீன் எங்கே போயிற்று?



கரையில் நாலு பேர் கூடினால் மீன் கதை வராமல் போகாது. சொல்லுகிறவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். அதே கதை அடுத்த தெருவுக்குப் போகும்போது கை இன்னும் ஒரு சாண் விரியும். ஆனாலும் கதை வேறு, கணக்கு வேறு. அர்ச். இராயப்பரும் தோழரும் திபேரியாக் கடலில் இழுத்த வலையைப் பற்றிச் சொல்லும் சுவிசேஷம், ஏராளமான மீன் என்று பொதுவாய் விட்டுவிடவில்லை. 153 பெரிய மீன்கள் என்று எண்ணிச் சொல்லுகிறது. அப்படிக் கணக்கில் ஏறிய இரண்டு தூண்டில் மீன்களைப் பற்றி இந்த வாரம் படிப்போம்.

முதல் மீன் அமெரிக்காவில் பிடிபட்டது. தென் கரோலினாவிலுள்ள செர்ரி குரோவ் என்னும் கடற்கரையில், தூண்டில் போடுகிறவர்களுக்கென்றே கடலுக்குள் நீண்ட மரப்பாலம் கட்டியிருந்தார்கள். 1964 ஜூன் மாதத்தில் வால்டர் மாக்ஸ்வெல் என்னும் கொத்துவேலைக்காரர் அந்தப் பாலத்தின்மேல் நின்று ஒரு புலிச்சுறாவைப் பிடித்தார். அதன் எடை 1,780 ராத்தல், அதாவது 807 கிலோ. நம் ஊரில் பத்துப் பன்னிரண்டு ஆட்களின் எடைக்கு மேல்!

இவ்வித சாதனைகளைப் பதிவு செய்ய 1939-ல் ஒரு சர்வதேசச் சங்கம் ஏற்பட்டது. அதன் விதிகள் கண்டிப்பானவை. தூண்டிற்கோலைப் பிடித்தவர் தனியே போராட வேண்டும். வேறொருவர் கோலைத் தொட்டால் செல்லாது. சோதிக்கப்பட்ட தராசில் நிறுக்க வேண்டும்; சாட்சியும் வேண்டும். 2004-ல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் 1,785 ராத்தல் எடையுள்ள புலிச்சுறாவைப் பிடித்தார். ஐந்து ராத்தல் கூடுதல்தான். ஆனால் பழைய எடையை நூற்றுக்கு அரை பங்காவது மிஞ்சினால்தான் புதிய சாதனை என்பது விதி. இங்கே அது ஏறக்குறைய ஒன்பது ராத்தல். ஆகையால் சாதனை இருவருக்கும் பொதுவாயிற்று.

ஒரு சாதனை வெகுகாலம் நின்றால் பிடித்தவரை மெச்சுகிறோம். ஆனால் அது நிற்பதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். அதை நமது காவேரியின் மீன் காட்டுகிறது.

காவேரியிலும் அதன் கிளை நதிகளிலும் முதுகு திமிலைப்போல் உயர்ந்த மாசீர் என்னும் பெருங்கெண்டை வாழ்கிறது. 1919-ல் ரிவெட் கார்னாக் என்னும் வெள்ளைக்கார அதிகாரி 119 ராத்தல் எடையுள்ள ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். மைசூரில் புலி, சிறுத்தை முதலியவற்றின் தோலைப் பாடம் செய்யும் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த டிவெட் வான் இஞ்சன், 1946-ல் கபினி ஆற்றில் 120 ராத்தல் மாசீரைக் கரையேற்றினார். 54 கிலோ! அந்த எடை வெகுகாலம் சாதனையாய் நின்றது.

ஏன்? தூண்டிற்கோல்கள் முன்னைவிட உறுதியாயின; நரம்பும் உறுதியாயிற்று. மீன்தான் குறைந்துபோயிற்று. அணைகள் எழும்பி, முட்டையிட மேலே ஏறும் வழி அடைபட்டது. தோட்டா வெடித்து மீன் பிடித்தவர்கள் குஞ்சையும் தாயையும் சேர்த்து அழித்தார்கள். ஆற்று மணல் அள்ளப்பட்டது. 1970-களுக்குப் பின், மீன் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தோடே வேறொரு ஜாதி மாசீரின் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்டார்கள். வந்தது பெருகிற்று, சொந்த மீன் அருகிற்று. 2018-ல்தான் திமில் மாசீர் இன்ன இனம் என்று விஞ்ஞானிகள் நிச்சயித்தார்கள். அதே வருஷத்தில் அது அற்றுப்போகும் கடைசி நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. நீலகிரியின் அடியில் ஓடும் மோயாறு அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று.

ஆகவே 120 ராத்தல் என்பது ஒரு மனிதரின் வெற்றிக் கணக்கு. ஒரு குலத்தின் நஷ்டக் கணக்கும் அதுவே.

நாம் கற்கவேண்டியது என்ன? அநேக மீனினங்களில் பெரிய மீன் வயது முதிர்ந்த தாய் மீன். ஒரு பெரிய தாய் இடும் முட்டைகள், அதே எடையுள்ள பல சிறு தாய்கள் சேர்ந்து இடும் முட்டைகளைவிட அதிகம். கீழ்க்கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிறுத்தப்படுவது தாய் மீன்கள் முட்டையிடுவதற்காகவே.

வலையைச் சுருக்கினால் அடுப்பு எரியாதே என்பீர்கள். உண்மைதான். பசித்த வீட்டுக்கு உபதேசம் சோறு ஆகாது. ஆனாலும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வலையில் வந்த மீன் பெரும்பாலும் செத்துப்போகும். வயிற்றில் முட்டைக் கொத்தோடு வரும் நண்டு உயிரோடிருக்கும். அதைக் கடலில் விட்டால் பிழைக்கும். கண் சிறுத்த வலையைத் தவிர்த்தால் குஞ்சும் பிழைக்கும். உப்பளத்தில் வேலை செய்கிற நம்மவர்களுக்கு இது தெரியாததல்ல: உப்பு முற்றுமுன் அவசரப்பட்டு வாரினால் சேறுதான் கூட வரும். பொறுத்தவனுக்கே வெள்ளை உப்பு.

வீட்டில் பிள்ளைகளிடம் கேட்க:

1. 1,785 ராத்தல் சுறா ஏன் பழைய சாதனையை முறியடிக்கவில்லை?

2. காவேரி மாசீர் குறைந்ததற்கு மூன்று காரணங்கள் சொல்லுக.

3. தாத்தா காலத்தில் நம் கரையில் வந்து இப்போது வராத மீன் எது? தாத்தாவையே கேட்டு எழுதி வைக்கவும்.