டை வேண்டாத மெய்ப்பை

கல்யாண வரவேற்புக்குத் தைத்த கோட்-சூட் ஒரே ஒரு ராத்திரி உழைத்துவிட்டு, மிச்ச ஆயுளைப் பீரோவில் அந்துருண்டை வாசத்தோடு கழிக்கிறது. அந்தக் கோட்டை இனி எடுக்கப்போவதில்லை. காவிரிக் கடைமடை வெக்கையில் அதை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போக யாருக்கும் தெம்பு கிடையாது. ஆனால் அதோடு வந்த கையில்லாத வெயிஸ்ட்கோட்டைப் பார்க்கும்போது, இதை மட்டும் போட்டால் என்ன என்று தோன்றும். போடலாம். டை இல்லாமலும் போடலாம். நிபந்தனை ஒன்றுதான்: டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர் போலத் தெரியக் கூடாது.

தைத்த உடை பூம்புகார்ப் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. சிலப்பதிகாரம் அந்த ஊரின் மருவூர்ப்பாக்கத்தில் குடியிருந்தவர்களை வரிசைப்படுத்தும்போது, துணி தைக்கும் துன்னகாரரையும் யவனர் குடியிருப்பையும் சேர்த்தே சொல்கிறது. யவனர் போட்ட சட்டைக்கு ‘மெய்ப்பை’ என்று பெயர் தருவது முல்லைப்பாட்டு. அதைப் பாடிய நப்பூதனார் அதே ஊரான காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வணிகர் ஒருவரின் மகன். மெய்ப்பை, அதாவது உடம்புக்கு ஒரு பை. பை அளவாக இருந்தால் ஆள் தெரிவார்; தொளதொளத்தாலும் பிதுங்கினாலும் பைதான் தெரியும். இனி செய்முறை.

1. ஆபீஸைப் பாருங்கள்

சீருடை உள்ள வேலை என்றால் பேச்சே இல்லை. மற்ற இடங்களில், வழக்கமாக எல்லோரும் போடுவதைவிட ஒரு படி மட்டும் மேலே போகலாம். சட்டையை இன் பண்ணி வருகிறவர்கள் உள்ள அலுவலகத்தில் வெயிஸ்ட்கோட் இயல்பாகத் தெரியும். நீதிமன்றப் படி ஏறும் நாளில் மட்டும் எச்சரிக்கை. 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களின் உடை விதியைத் தமிழக அரசு திருத்தியபோது, வழக்குக்காக ஆஜராகும் ஆண்கள் முழுக்கை கோட் போட வேண்டும், அது திறந்த கோட்டாக இருந்தால் டையும் கட்ட வேண்டும் என்றது. மூடிய கோட்டுக்கு டை கேட்கவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். மூன்றாவது படியில் இதுதான் சூத்திரம்.

2. முதுகைத் திருப்பிப் பாருங்கள்

சூட்டோடு வந்த வெயிஸ்ட்கோட்டின் முன்பக்கம் சூட் துணி, பின்பக்கம் வெறும் லைனிங். மேலே கோட் மூடிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் தைத்தது அது. கோட் இல்லாமல் போட்டால், பளபளக்கும் அந்த முதுகு நாள் முழுக்க ஊர் பார்க்க நிற்கும். பாலியஸ்டர் லைனிங் வியர்வையை உறிஞ்சாது; சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதுகைப் பிரித்து முன்பக்கத் துணிக்கு நெருங்கிய நிறத்தில் வேறு துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அல்லது புதிதாகவே ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

3. கழுத்தைத் தீர்மானியுங்கள்

எல்லாத் தப்பும் நடக்கிற இடம் இதுதான். டைக்கென்று வெட்டிய வெயிஸ்ட்கோட்டில் மார்பு நடுவரை ‘வி’ இறங்கும். அங்கே டை இல்லாவிட்டால் சட்டைப் பட்டன் வரிசை மட்டும் அநாதையாக நிற்கும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ‘வி’யை உயரத்தில் நிறுத்துவது. மேல் பட்டன் தொண்டைக்குழிக்கு நாலு விரல் கீழே வந்தால் போதும். இரண்டாவது, நேரு கோட் மாதிரி மூடிய கழுத்து. இதில் டை கட்ட இடமே இல்லை என்பதால் யாரும் தேட மாட்டார்கள். வேட்டி-சட்டைக்கும் இதுதான் சேரும். மூன்றாவது, சட்டைக் காலரை மாற்றுவது. முனைக்குப் பட்டன் வைத்த காலரோ, மடிப்பில்லாத சைனீஸ் காலரோ போட்டால் டை இல்லாமலே நிமிர்ந்து நிற்கும். சாதா காலர் பத்து மணிக்கே துவண்டு வெயிஸ்ட்கோட்டுக்குள் நுழைந்துவிடும். அந்தக் காலருக்குள் நல்ல கேன்வாஸ் வைக்கச் சொல்லுங்கள்.

சட்டையின் மேல் பட்டன் ஒன்றை மட்டும் திறந்து விடுங்கள். இரண்டாவதைத் திறந்தால் பனியன் எட்டிப் பார்க்கும்.

4. துணி எடுங்கள், டெய்லரிடம் பேசுங்கள்

கதர், லினன், கொஞ்சம் கனமான கைத்தறிப் பருத்தி மூன்றும் நம் பக்கத்துக்கு ஏற்றவை. காந்தி ஜெயந்தியை ஒட்டிக் கதர்க் கடைகளில் தள்ளுபடி உண்டு. அப்போது எடுத்து வைக்கலாம். கதர் சுருங்கும் என்பதால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயப்போட்டு, பிறகு தைக்கக் கொடுங்கள்.

கருநீலம், காப்பிக்கொட்டை நிறம், அடர்பச்சை நல்லவை. வெளிர்சாம்பலில் வியர்வை வரைபடம் போடும். கறுப்பு வெயிஸ்ட்கோட், வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட் மூன்றையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். மதிய விருந்தில் உங்களிடம் சாம்பார் கேட்பார்கள்.

அளவைச் சட்டைக்கு மேல் எடுக்கச் சொல்லுங்கள். பட்டன் போட்ட பிறகு உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பட்டனைச் சுற்றித் துணி எக்ஸ் மாதிரி இழுத்தால் இறுக்கம். கையைத் தூக்கிப் பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோல நின்று பாருங்கள். அக்குளில் அறுத்தால் ட்ரையலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. முதுகுப் பட்டியில் வைக்கும் இரும்புக் கொக்கி உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும். அதற்குப் பதில் துணி நாடா போதும். பட்டனுக்குக் கொட்டாங்கச்சிப் பட்டன் கேளுங்கள். கறுக்காது, கதரோடு பொருந்தியும் போகும்.

5. பேன்ட்டோடு சேருங்கள்

வெயிஸ்ட்கோட் முடிகிற இடத்துக்கும் பேன்ட் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் சட்டை தெரிந்தால் மொத்த வேலையும் பாழ். தொப்புளுக்குக் கீழே இறங்கும் பேன்ட் இதற்கு ஆகாது. பெரிய பக்கிள் வைத்த பெல்ட்டும் வேண்டாம். வயிற்றில் புடைத்து நிற்கும்.

6. கடைசிப் பட்டனை விடுங்கள்

ஒற்றை வரிசைப் பட்டன் என்றால் கீழ்ப் பட்டனைப் போடாமல் விடுவது வழக்கம். இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டின் தொந்தியை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். கதை எப்படியோ, நாற்காலியில் உட்கார்ந்தால் காரணம் உங்களுக்கே புரியும். மற்ற பட்டன்களைத் திறந்துபோட வேண்டாம்.

7. தொங்குவதை அகற்றுங்கள்

டையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் நாடா கட்டிய அடையாள அட்டையைத் தொங்கவிட்டால் பயன் என்ன? அட்டையைப் பையில் வையுங்கள், அல்லது கிளிப்பில் மாட்டுங்கள். வெயிஸ்ட்கோட் பையில் பேனா ஒன்று போதும். செல்போன் போட்டால் ஒரு பக்கம் சரியும்.

8. மாதம் பார்த்துப் போடுங்கள்

மார்கழியும் தையும் தங்கமான மாதங்கள். சித்திரை, வைகாசியில் அது பீரோவிலேயே இருக்கட்டும். பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறைக்குப் பேருந்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் நின்றபடி போகிறவர் அதை மடித்துப் பையில் கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். மாலையில் கழற்றியதும் பீரோவுக்குள் திணிக்காமல் ஹேங்கரில் காற்றாட விடுங்கள். உள்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டால் துணி பளபளக்காது.

முதல் நாள் போட்டுப் போனதும் சக ஊழியர்கள் கேட்பதைக் கவனியுங்கள். “இன்னைக்கு என்ன சார் விசேஷம்?” என்றால் துணியில் பளபளப்பு அதிகம், நாலாவது படிக்குத் திரும்புங்கள். “டை எங்க சார்?” என்றால் மூன்றாவது படி தவறிவிட்டது. “எந்த டெய்லர் சார்?” என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடுங்கள், அவருக்கும் நாலு தையல் வரட்டும்.