தாமே கற்றலா, வகுப்பிற் பயிலலா?

அச்சரப்பாக்கம் என்னும் பெயருக்குத் தலபுராணம் கூறும் காரணம் அங்கத்தினர் பலரும் அறிந்ததே. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானது தேரின் அச்சு, விநாயகரை முதலில் வணங்காமையால் இவ்விடத்தில் இற்றது என்பர். முதற்காரியத்தை விட்டுப் புறப்பட்டால் பெருந்தேரும் நின்றுவிடும். கணிப்பொறிச் சான்றிதழ் நாடுவோருக்கும் இது பொருந்தும்.

ஏறத்தாழ 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் ரூ. 2,516 கோடித் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. பேரேட்டின் இடத்தைக் கணிப்பொறி பெற்று வரும் இந்நாளில், நம் இளைஞர் சான்றிதழ் பெற விழைவது இயல்பே. அதற்கென நகையை அடகு வைத்துப் பயிற்சி நிலையத்திற் சேர்ப்பதா, வீட்டிலேயே படிக்கச் செய்வதா என்பது பல குடும்பங்களின் கவலை.

இதில் முதற்காரியம், தேர்வை நடத்துபவர் யார், அதன் விதிகள் யாவை என அறிதலாகும். பயிற்சி நிலையம் தானே அச்சிட்டுத் தரும் தாள் வேறு. தேர்வு நடத்தும் அமைப்பு வழங்கும் சான்றிதழ் வேறு. மத்திய அரசைச் சார்ந்த நைலிட் நிறுவனத்தின் சி.சி.சி. தேர்வை, அங்கீகாரம் பெற்ற நிலையத்தின் வழியாகவும் எழுதலாம், நேரடியாகவும் எழுதலாம். சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வும் வகுப்பிற் பயின்றிருத்தலைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே, வகுப்பிற் சேராதார்க்குச் சான்றிதழே இல்லை என எவரேனும் கூறின், விதியைக் காட்டுமாறு கேட்டல் வேண்டும்.

தாமே கற்பதிற் செலவு குறைவு. தறி வேலையும் வயல் வேலையும் தடைப்படா. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்கள் பலவற்றைத் தமிழிலேயே கேட்கலாம். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் ஐயம் தீர்ப்பார் அருகில் இல்லை. நாளை படிப்போம் என்னும் சோம்பலும் தொடரும். மேலும், நூலைப் படித்து மட்டும் நெசவு கைவராதது போலக் கருவியின்றிக் கணிப்பொறியும் கைவராது.

வகுப்பில் ஆசிரியரும் கருவியும் கால ஒழுங்கும் உள. ஆனால் கட்டணத்தோடு, செங்கற்பட்டிற்கு நாள்தோறும் சென்று வரும் செலவும் நேரமும் சேரும். பணம் கட்டுமுன், ஒவ்வொருவருக்கும் தனிக் கருவி உண்டா, எத்தனை மணி நேரம் பழகலாம், பாடம் இன்றைய தேர்வுக்கு ஒத்ததா, தேர்வுக் கட்டணம் அடங்கியதா என்னும் நான்கையும் எழுத்தில் பெறுதல் நன்று.

நிற்க. எவ்வழி தமக்கு ஏற்றது என்பதை ஒரு மாதச் சோதனையால் அறியலாம். நாள்தோறும் ஒரு மணி நேரம் வீட்டிற் படித்து, மாத முடிவில் மாதிரி வினாத்தாள் ஒன்றை எழுதுக. எல்லாம் விளங்கினால் வகுப்பு வேண்டா. கருவி மட்டுமே குறையெனில் கருவிக்கு வழி தேடுக. பாடமே விளங்கவில்லையெனில், அல்லது நாள்கள் தவறியிருப்பின், வகுப்பே தக்கது. நம்மிடம் இல்லாத ஒன்றுக்கே பணம் செலவிடல் வேண்டும்.

மூன்றாம் வழியும் ஒன்றுண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1928இல் செயின்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் விரிவுக் கல்வித் துறையை நிறுவியது. அதன் தூண்டுதலால் மீனவரும் உழவரும் சிறு படிப்பு வட்டங்களாகக் கூடிப் பயின்று, தம் கூட்டுறவுச் சங்கங்களையும் அமைத்துக்கொண்டனர். அவ்வாறே, ஐந்தாறு இளைஞர் மாலையில் சங்கக் கட்டடத்திற் கூடி, ஒரு கருவியை முறை வைத்துப் பழகலாம். ஒருவர் ஐயத்தை மற்றொருவர் தீர்ப்பார்; ஒருவர் வாராவிடின் ஏனையோர் வினவுவர். தனியே படிப்பவரின் குறைகள் பலவும் இதனால் நீங்கும்; நகையும் வீட்டிலேயே இருக்கும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நம் இளைஞர் நாடும் சான்றிதழை வழங்குபவர் யார்?
2. நம் சங்கத்துக் கணிப்பொறி மாலையில் எத்தனை மணி நேரம் ஓய்ந்திருக்கிறது?
3. படிப்பு வட்டத்திற்கு அதனைத் தர நிர்வாகக் குழு இசையுமா?