ஐப்பசி மழைக்கு முன் பழைய காரின் முகப்பு விளக்கு

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தமிழ்நாட்டில் தொடங்குகிறது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவித் துடைத்துச் சந்தனமிட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு தீபாவளிப் பிரயாணத்திற்கு நாள் குறிக்கிற குடும்பங்கள் பலவற்றிற்கு, அந்தப் பிரயாணம் மழைக்கால இரவிலேயே அமைந்துவிடுகிறது. நவம்பர் மாதத்தில் சென்னையில் மாலை 5.40 மணி அளவில் சூரியன் அஸ்தமித்துவிடுகிறது. மேகமும் மூடிக்கொண்டால் ஐந்து மணிக்கே விளக்கைப் போட வேண்டியதுதான். ஆகையால், பதினைந்து இருபது வருஷம் ஓடிய மாருதி 800, ஜென், சான்ட்ரோ, அம்பாஸடர் முதலிய வண்டிகளை இன்றும் பிரியத்தோடு பராமரித்து வருபவர்கள், "லைட் போதவில்லை, மாற்ற வேண்டும்" என்று பல நாளாகத் தமக்குள் சொல்லிக்கொண்டிருப்பதைக் காரியத்தில் காட்டத் தக்க சமயம் புரட்டாசியின் இந்தக் கடைசி வாரங்களே.

இந்தச் சமயத்தில் கார் உதிரிப்பொருள் கடைக்குள் நுழைபவருக்கு எதிர்ப்படும் ஆசைகள் கொஞ்சமல்ல. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஏதேனும் ஒரு கடை வாசலில் நின்று, "ஹெட்லைட் வெளிச்சம் பத்தலை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைக்காரர் எல்.இ.டி. பல்ப் ஒன்றை எடுத்து மேஜையடியில் இருக்கும் பாட்டரியில் தொட்டுக் காட்டுவார். நமக்குக் கண் கூசும். அந்தக் கூச்சத்தையே வெளிச்சத்தின் அளவாக எடுத்துக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவோம். கண்ணைக் கூச வைப்பது ஒரு காரியம், நூறு அடிக்கு அப்பால் பின்விளக்கில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும் கரும்பு டிராக்டரைக் காட்டிக்கொடுப்பது வேறொரு காரியம். பழைய காரில் வெளிச்சம் குன்றுவதற்குப் பல்ப் பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. ஆதலால் பல்பை மாற்றுவது செய்ய வேண்டிய வேலைகளுள் கடைசியானது என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் விளக்கின் முகத்தைப் பாருங்கள். பழைய அம்பாஸடர் போன்றவற்றில் அது நிஜக் கண்ணாடி, அது மங்குவதில்லை, உட்புறத்தில் தூசும் ஈரமும் படிவதே அதற்கு வரும் வியாதி. பின்னால் வந்த வண்டிகளில் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் வந்துவிட்டது. நம் ஊர் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் மேற்பூச்சு அழிந்து, முகம் மஞ்சள் பூத்துச் சொரசொரப்பாகிவிடும். அதன்பின் எத்தனை வாட் பல்பை உள்ளே வைத்தாலும் ஒளியில் ஒரு பகுதி வெளியே வராமலே நின்றுவிடும், வருகிற பகுதியும் எதிரே வருபவர் கண்ணை நோக்கிச் சிதறும். பெயின்டர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பரில் 1000, 2000, 3000 என்ற நம்பர்களை வரிசையாகக் கொண்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றி, அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சு ஒன்றையும் கொடுத்துவிட்டால் விளக்கு புதுமுகம் பெறும். பற்பசை தேய்த்தாலே போதும் என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பளபளப்பு வரும், ஆனால் பூச்சு இல்லாமையால் சில மாதங்களில் பழைய கதைதான். உள்ளே இருக்கும் வெள்ளிநிறக் கிண்ணத்தை மாத்திரம் துணியால் துடைத்துவிடாதீர்கள். அது உலோகத்தின் மிக மெல்லிய படலம், ஒரு தேய்ப்பில் போய்விடும். கிண்ணம் கறுத்தோ உரிந்தோ போயிருந்தால் விளக்கையே மாற்றுவது உத்தமம். போகிற போக்கில் இன்னொன்று: பூஜை முடிந்ததும் முகப்பு விளக்கின் மேல் இட்ட சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதில் தெய்வக் குற்றம் ஏதும் இல்லை; கொண்டாட்டம் முடிந்து மூன்று வாரமாகியும் அந்தப் பொட்டோடு இரவில் ஓடும் வண்டிகள் எத்தனை!

அடுத்ததாக, விளக்கிற்கு வந்து சேர வேண்டிய மின்சாரம் வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய காரின் விஷயத்தில் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஹாலஜன் பல்பின் ஒளி அதன் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் ஏறி இறங்குவதன்று. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குறைந்துபோகும். இன்று நம் சாலைகளில் ஓடும் பழைய கார்களில் மிகுதியாகக் காணப்படும் எச்-4 பல்ப், 60/55 வாட் அளவினது, 13.2 வோல்ட் கிடைக்கும்போது பிரைட்டில் 1650 லூமன், டிம்மில் 1000 லூமன் என்ற அளவில் எரியும்படி வகுக்கப்பட்டது. பதினொன்றரை வோல்ட்தான் வந்து சேருகிறதென்றால், அதே பல்ப் தன் ஒளியில் அறுபது சதவீதத்தைச் சற்றே தாண்டித்தான் கொடுக்கும். பழைய வயரிங்கில் விளக்கிற்குப் போகும் மின்சாரம் முழுவதும் பாட்டரியிலிருந்து டாஷ்போர்டுக்குள் சென்று, ஸ்டியரிங்கின் பக்கத்தில் நாம் கையால் தட்டும் சுவிட்ச் வழியாகவே நுழைந்து, மெல்லிய கம்பியில் மறுபடியும் முன்பக்கம் வந்து சேர்கிற வண்டிகள் பல. இருபது வருஷ வெப்பத்தில் கறுத்த கப்ளரும், துருப்பிடித்த எர்த் இணைப்பும், தேய்ந்த சுவிட்ச் முனையும் வழிநெடுகத் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பல்புக்கு அனுப்புகின்றன.

இதை அறிய ஒரு மல்டிமீட்டர் போதும். என்ஜின் ஓட, விளக்கு எரிய, பாட்டரி முனைகளில் ஒருமுறையும் பல்பின் பின்புற முனைகளில் ஒருமுறையும் அளந்து பாருங்கள். இரண்டிற்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால், நீங்கள் வாங்க வேண்டியது ரிலே வயரிங் செட்; புது பல்ப் அன்று. பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தடித்த கம்பி ஒன்று, 2.5 சதுர மில்லிமீட்டர் இருந்தால் நலம், நேரே ரிலேக்கு வரும். அங்கிருந்து சிறு தூரத்தில் பல்ப். பழைய சுவிட்சும் பழைய கம்பியும் ரிலேயைத் தூண்டிவிடும் அற்ப வேலையை மாத்திரம் செய்துகொண்டிருக்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். பல்ப் மாட்டும் ஹோல்டர் செராமிக்காக இருக்கட்டும். ஃபியூஸ் பாட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஏனெனில் ஃபியூசுக்கு முன்னால் கம்பி உரசித் தகட்டில் பட்டால் அதைத் தடுக்க ஆளில்லை. சில ஜப்பானிய அமைப்புகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். ஆகையால் எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியை வெட்ட வேண்டும். இந்த வேலையைச் செய்து முடித்த அன்று இரவே, "எந்த பல்ப் போட்டீர்கள்?" என்று வீட்டிலிருப்பவர்கள் கேட்கக்கூடும், பல்ப் பழையதுதான்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்று தோன்றினால் பல்புக்கு வரலாம். கடைகளில் 100/90 வாட் என்று விற்கப்படும் பல்பைப் பலர் முதலில் கேட்கிறார்கள். 60 வாட் பல்ப் இரண்டு சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் இரண்டு சேர்ந்தால் 16 ஆம்பியருக்கு மேல் போய்விடும். ரிலே இல்லாத பழைய வயரிங்கில் அது சுவிட்சை உருக்கும், கப்ளரை உருக்கும், பிளாஸ்டிக் முகமுள்ள விளக்கில் கிண்ணத்தையே தீய்க்கும். வேண்டாம். அதே 60/55 வாட்டில் பிலிப்ஸ், ஆஸ்ரம் முதலிய கம்பெனிகள் விற்கும் உயர்ரக பல்புகளில் இழை நெருக்கமாகவும் வெப்பமாகவும் எரியும். "நூறு சதவீதம் அதிகம்", "நூற்றுமுப்பது சதவீதம் அதிகம்" என்று பெட்டியில் போட்டிருப்பது சாலையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மாத்திரம் கிடைக்கக்கூடிய உச்ச அளவைக் குறித்ததே தவிர, மொத்த ஒளி இரண்டு மடங்காகிவிடுவதில்லை. ஆயினும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு ஈடாக ஆயுள் குறையும் என்பதை அறிந்து வாங்க வேண்டும். நீலச் சாயம் பூசிய பல்புகளை விட்டுவிடலாம். சாயம் ஒளியின் ஒரு பகுதியை விழுங்குகிறது.

எல்.இ.டி. பற்றித்தான் சர்ச்சை அதிகம். எச்-4 பல்ப் ஒன்றைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள்: உள்ளே இரண்டு இழைகள், அவற்றுள் முன்னே இருக்கும் டிம் இழையின் அடியில் மாத்திரம் ஓர் உலோகச் சிறு தொட்டி. அந்தத் தொட்டி கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைப்பதால் கிண்ணத்தின் மேற்பாதி மட்டும் ஒளி பெறுகிறது. மேற்பாதியில் பட்ட ஒளி சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்களாதலால் அந்தத் தொட்டியின் ஓர் ஓரம் சாய்வாக வெட்டப்பட்டு, இடப்பக்கச் சாலையோரத்தில் மாத்திரம் ஒளி சற்றே உயர்ந்து எழும்படியும் செய்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடெல்லாம் இழை மில்லிமீட்டர் பிசகாமல் அதே ஸ்தானத்தில் இருப்பதை நம்பியே செய்யப்பட்டது. தட்டையான பலகையின் இருபுறமும் சில்லுகளை ஒட்டிய எல்.இ.டி. பல்பை அந்த இடத்தில் செருகும்போது, கிண்ணம் தான் எதிர்பார்த்த இடத்தில் ஒளியைக் காணாமல், கிடைத்ததை மரக்கிளைக்கும் எதிர் லாரிக்காரர் முகத்திற்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது. ஜெர்மனியில்கூட 2020-ஆம் ஆண்டில்தான் இத்தகைய மாற்று எல்.இ.டி. ஒன்றிற்குச் சாலை அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட குறிப்பிட்ட கார்களுக்கு மட்டுமே. செனான் விளக்கு எனப்படும் எச்.ஐ.டி. கிட் விஷயத்தில் இதே ஆட்சேபம் இன்னும் பலமாகப் பொருந்தும். வலப்பக்கம் ஓட்டும் தேசங்களிலிருந்து வந்த விளக்குகள் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது. அவற்றில் உயர்ந்தெழும் ஒளி எதிரே வருபவர் பக்கமாகப் போய்விடும்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. கடையில் வாங்கிய பொருளைச் சோதிக்க இதைவிட நல்ல உபாயம் வேறில்லை: வண்டியை டிம்மில் நிறுத்தி, நீங்களே அந்த இடத்தில் குனிந்து நின்று பாருங்கள்.

விளக்கில் எதைத் தொட்டிருந்தாலும் அதன் சாய்வைச் சரிபார்க்காமல் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. டயரில் காற்று சரியாக இருக்க, டிரைவர் ஆசனத்தில் ஒருவர் அமர்ந்திருக்க, சமதரையில் சுவருக்கு எதிரே 25 அடி தூரத்தில் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எத்தனை உயரமோ அத்தனை உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடிடுங்கள். டிம் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 3 அங்குலம் கீழே நிற்க வேண்டும். விளக்கின் பின்னால் இருக்கும் திருகுகளைத் திருகி அதைக் கொண்டுவரலாம். தீபாவளிப் பிரயாணத்தில் பின் இருக்கையில் மூவரும் டிக்கியில் முறுக்கு டின்னுமாகப் போகும்போது வண்டியின் பின்புறம் தாழ்ந்து முகம் நிமிர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துச் சற்றுக் கூடுதலாகவே தாழ்த்தி வைப்பது தகும்.

மழையின்போது எந்த விளக்கும் ஓரளவுக்குமேல் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலர்ந்த தார்ச்சாலை விளக்கொளியில் ஒரு பகுதியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. நனைந்த சாலையோ ஒளியை முன்னோக்கியே வழுக்கி அனுப்பிவிடுவதால், வெள்ளைக்கோடு மறைகிறது, பள்ளம் மறைகிறது, எதிர் வண்டியின் ஒளி மாத்திரம் இரட்டிப்பாக நம்மேல் பாய்கிறது. கனமழையில் பிரைட்டைப் போட்டால் துளிகளே திரையாகி ஒளிரும், டிம்மிலேயே ஓட்டுங்கள். பம்பருக்குக் கீழே தாழ்வாகப் பொருத்தும் அகலமான பனிவிளக்கு ஒரு ஜோடி இதற்கு உண்மையில் பிரயோஜனப்படும். அது மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிரான்ஸ் தேசத்தில் எல்லாக் கார்களுக்கும் மஞ்சள் விளக்கே கட்டாயம் என்றிருந்த விதியையும் 1993-இல் கைவிட்டுவிட்டார்கள். நீலம் கலந்த வெண்மையைத் தவிர்த்தால் போதும். கிறீச்சிடும் வைப்பர் ரப்பரை மாற்றுவதும், முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்த எண்ணெய்ப் புகையைத் துடைப்பதும், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஒருமுறை கண் டாக்டரிடம் புரை இருக்கிறதா என்று காட்டிக்கொள்வதும் எந்த விலையுயர்ந்த பல்பையும்விட அதிகம் உதவும்.

மழை தொடங்கிவிட்டால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் தண்ணீர் புகுந்து நின்றுபோன வண்டிகள் வரிசையாக நிற்கும்; உங்கள் ரிலே வேலைக்கு அவருக்குப் பொழுதிருக்காது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை சுவரில் கோடு போட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை மல்டிமீட்டரோடு வண்டியை அவரிடம் கொண்டுபோய் விடுங்கள்.